மூத்த குழந்தையை உடன்பிறப்பின் வருகைக்கு ஆயத்தப்படுத்தல்

மூத்த குழந்தையை உடன்பிறப்பின் வருகைக்கு ஆயத்தப்படுத்தல் என்பது, தாய்க்கு அடுத்த குழந்தை பிறப்பதால் ஏற்படும் மாற்றங்களை ஏற்கனவே உள்ள சிறு குழந்தை ஏற்றுக்கொள்ளும் வகையில் பெற்றோரும் உறவினரும் மேற்கொள்ளும் செயல்களைக் குறிக்கும். இச்சொற்றொடர் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று அகவை வரையுள்ள, தளர்நடைப் பருவத்துக் குழந்தைகளைப் பற்றியே பயன்படுத்தப்படுகிறது. இப்பருவத்தில் குழந்தை தாயை முழுமையாகச் சார்ந்திருக்கிறது. ஆனால் நடப்பவற்றைச் சொற்களால் முழுதாகப் புரிந்துகொள்ளும் ஆற்றல் அதற்கு இன்னும் வரவில்லை. இதனால் உடன்பிறப்பின் வருகை குழந்தையின் உணவு, உறக்கம், நடத்தை ஆகிய மூன்றிலும் மாற்றங்களை உண்டாக்கக் கூடும்.

இது குழந்தை உளவியல், குழந்தை மருத்துவம், ஊட்டச்சத்தியல் ஆகிய துறைகளோடு தொடர்புடையதாகும்.

சொற்கள்

தமிழில் உடன்பிறந்தாரைக் குறிக்கும் அன்றாடச் சொற்கள் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாட்டைத் தம்முள் கொண்டுள்ளன. அண்ணன், அக்காள் என்பன மூத்தோரையும், தம்பி, தங்கை என்பன இளையோரையும் குறிக்கும். ஆகவே ஒரு குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கும் புதிய உறவுப்பெயர் ஒன்று கிடைக்கிறது. முதற் பிள்ளை பேச்சு வழக்கில் தலைச்சன் எனவும், கடைசிப் பிள்ளை கடைக்குட்டி எனவும் வழங்கப்படுவதுண்டு.

தாய்ப்பால் போதாமையால் மெலிந்த குழந்தை சவலை அல்லது சவலைப்பிள்ளை எனப்படும். தாய் மீண்டும் கருவுற்றதால் பால் மறக்க நேர்ந்து நலிந்த குழந்தையைக் குறிக்கவும் இச்சொல் பயன்படுகிறது. அடுத்தடுத்த பேறு மூத்த குழந்தையின் உடலைப் பாதிக்கும் என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொல் ஒரு சான்றாகும்.

அகவையும் புரிதலும்

குழந்தையின் அகவைக்கு ஏற்ப ஆயத்தப்படுத்தும் முறை வேறுபடும்.

- 12 முதல் 18 மாதம் வரை: இனி ஒரு குழந்தை பிறக்கும் என்பதை இவ்வகவையில் குழந்தையால் உணர இயலாது. சொற்களால் விளக்குவதை விட, தாயைத் தவிர வேறொருவரிடமும் உண்ணவும் உறங்கவும் பழக்குவதே பயனுள்ளதாகும்.
- 18 முதல் 24 மாதம் வரை: "பாப்பா" என்ற சொல்லையும் அக்கம்பக்கத்துக் கைக்குழந்தைகளையும் குழந்தை அறியும். தாயின் வயிற்றுக்குள் ஒரு குழந்தை உள்ளது என்பதைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளாது. தாயைப் பிரிய நேர்ந்தால் கடும் அச்சம் கொள்ளும் பருவமும் இதுவே.
- 2 முதல் 3 அகவை வரை: எளிய கதைகளையும் படங்களையும் கொண்டு விளக்கினால் ஓரளவு புரிந்துகொள்ளும். தன்னுடையது, பிறருடையது என்ற எண்ணம் வலுவாக இருக்கும்.
- 3 அகவைக்கு மேல்: கேள்விகள் கேட்கும், தன் உணர்வைச் சொற்களால் சொல்லும். வீட்டுக்கு வெளியே நட்பும் விளையாட்டும் தொடங்கியிருப்பதால் தாயை மட்டுமே சார்ந்திராது.

சிறு குழந்தைகளுக்குக் கால அளவு பற்றிய உணர்வு குறைவு. "ஐந்து மாதம் கழித்து" என்பது அவர்களுக்குப் பொருள்படாது. "பொங்கல் முடிந்த பிறகு", "மாம்பழம் வரும் காலத்தில்" என்பது போல அறிந்த நிகழ்வோடு இணைத்துக் கூறுவது பொருத்தமாகும்.

ஆய்வு வரலாறு

மூத்த குழந்தையின் மனநிலை பற்றிய எழுத்துகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காணப்படுகின்றன. சிக்மண்ட் பிராய்ட் 1909இல் வெளியிட்ட "சிறுவன் ஆன்சு" பற்றிய ஆய்வில், மூன்றரை அகவையில் தங்கையைப் பெற்ற சிறுவனின் ஐயங்களும் பொறாமையும் இடம்பெற்றுள்ளன. ஆசுத்திரிய மருத்துவர் அல்பிரட் அட்லர் (1870-1937), இரண்டாம் குழந்தையின் வருகையால் முதற் குழந்தை "அரியணை இழக்கிறது" என விளக்கினார். இவ்விழப்பு முதற் குழந்தையின் ஆளுமையை வாழ்நாள் முழுதும் பாதிக்கும் என்பது அவர் கருத்து.

அமெரிக்க உளமருத்துவரான டேவிட் லெவி 1930களில் பொம்மைகளைக் கொண்டு சோதனைகள் செய்தார். தாய்ப் பொம்மை, அதன் மார்பில் ஒரு குழந்தைப் பொம்மை, அருகில் மூத்த பிள்ளைப் பொம்மை ஆகியவற்றை வைத்து, மூத்த பிள்ளை என்ன செய்யும் எனக் குழந்தைகளிடம் கேட்டார். உடன்பிறந்தோர் போட்டி என்னும் கருத்து பரவ இவ்வாய்வுகள் காரணமாயின.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ச்சில் ஜூடி டன், கேரல் கென்ட்ரிக் ஆகியோர் 40 குடும்பங்களை இரண்டாம் குழந்தை பிறப்பதற்கு முன்பும் பின்பும் அவர்களது வீடுகளிலேயே கவனித்து, முடிவுகளை 1982இல் நூலாக வெளியிட்டனர். அவர்கள் கண்டவற்றுள் முதன்மையானவை:

- குழந்தை பிறந்த பின் தாய் மூத்த குழந்தையோடு விளையாடும் நேரம் குறைந்தது. இருவருக்குமிடையே பிணக்குகள் கூடின.
- பிடிவாதம், அழுகை, குறும்பு ஆகியவை பெரும்பாலான மூத்த குழந்தைகளிடம் மிகுந்தன. ஆனால் அதே குழந்தைகள் புதிய குழந்தையிடம் அன்பும் ஆர்வமும் காட்டின.
- பிறந்த குழந்தையை உணர்வும் தேவையும் உள்ள ஓர் ஆளாகக் கருதித் தாய் மூத்த குழந்தையோடு பேசிய வீடுகளில், பின்னர் உடன்பிறந்தோர் உறவு இணக்கமாக இருந்தது.

மூன்றாவது முடிவு இன்றும் பெற்றோருக்கான அறிவுரைகளின் அடிப்படையாக உள்ளது. "பாப்பா ஏன் அழுகிறது? பசியாக இருக்குமோ?" என மூத்த குழந்தையிடமே கேட்பது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

லாரி கிரேமர், ஜான் காட்மன் ஆகியோரின் 1992 ஆய்வு, மூன்று முதல் ஐந்து அகவைக் குழந்தைகளைப் பற்றியது. நண்பரோடு நன்கு விளையாடப் பழகிய குழந்தைகள் உடன்பிறப்போடும் நல்லுறவு கொண்டன என அது காட்டியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெண்டா வாலிங் தலைமையிலான குழு 241 குடும்பங்களைத் தாயின் பேறுகாலத்தின் இறுதி மாதங்களில் தொடங்கிக் குழந்தைக்கு ஓர் ஆண்டு நிறையும் வரை கவனித்தது. 2017இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பெரும்பாலான மூத்த குழந்தைகளிடம் நீடித்த சிக்கல் எதுவும் தோன்றவில்லை. சிறு மாற்றங்கள் தோன்றினும் அவை விரைவில் மறைந்தன.

கருவுற்ற காலம்

எப்போது தெரிவிப்பது என்பதில் ஒரே விதி இல்லை. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களில் நிகழ்வதால், பலர் அதன் பின்னரே கூறுகின்றனர். மிகச் சிறிய குழந்தைக்கு வயிறு வெளித்தெரியும் வரை காத்திருப்பதும் உண்டு. எனினும், பிறர் பேச்சின் வழியாக அறிவதற்கு முன்பு பெற்றோரே கூறுவது நல்லது எனக் கருதப்படுகிறது. தாய்க்கு வாந்தியோ களைப்போ மிகுதியாக இருந்தால், அதன் காரணத்தை எளிய சொற்களில் முன்னரே கூறலாம். தாய் நோயுற்றிருக்கிறாள் எனக் குழந்தை அஞ்சுவதை இது தவிர்க்கும்.

பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் செயல்கள்:

- மூத்த குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த ஒளிப்படங்களைக் காட்டி, அதுவும் இவ்வாறே பால் குடித்தது, அழுதது எனக் கூறுதல்.
- உறவினர் வீட்டுக் கைக்குழந்தைகளைக் காட்டுதல்.
- பிறக்கும் குழந்தை தொடக்கத்தில் உறங்கும், அழும், பால் குடிக்கும், விளையாட வராது என உள்ளதை உள்ளவாறு கூறுதல். "உன்னோடு விளையாட ஒருவர் வருவார்" என்று மட்டும் கூறினால் ஏமாற்றமே மிஞ்சும்.
- பொம்மையைக் குளிப்பாட்டுதல், துணி சுற்றுதல் போன்ற விளையாட்டுகள்.

பிற மாற்றங்களைப் பேறுகாலத்தோடு சேர்ந்து வராதபடி பார்த்துக்கொள்வது முதன்மையானது. படுக்கையை மாற்றுதல், கழிவறைப் பழக்கம், மழலையர் பள்ளியில் சேர்த்தல் ஆகியவற்றை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே முடிப்பது அல்லது குழந்தை பிறந்து சில மாதங்கள் கழியும் வரை தள்ளிவைப்பது வழக்கம். குழந்தை பிறந்த அதே வாரத்தில் மூத்த குழந்தையைத் தாயின் பக்கத்திலிருந்து வேறிடத்தில் படுக்க வைத்தால், தன் இடத்தைப் புதியவர் பறித்துக்கொண்டதாகவே அது உணரும்.

தமிழ்க் குடும்பங்களில் மூத்த குழந்தையிடம் "தம்பி வேண்டுமா, தங்கச்சி வேண்டுமா" எனக் கேட்டு, அது கூறும் விடையைக் குறிபோலக் கருதும் வழக்கம் உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து தெரிவிப்பது இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே "பாப்பா" எனப் பொதுவாகக் கூறி வந்தால், எதிர்பார்த்ததற்கு மாறான குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தை குழம்பாது.

பாலூட்டலும் ஊட்டமும்

தாய்ப்பாலை இரண்டு அகவை வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை ஆகும். தாய் மீண்டும் கருவுறும்போது பெரும்பாலும் பாலின் அளவு குறைகிறது, சுவையும் மாறுகிறது. சில குழந்தைகள் இதனால் தாமாகவே பால் மறக்கின்றன. சிக்கலற்ற கருவுறுதலின்போது பாலூட்டலைத் தொடர்வது பொதுவாகத் தீங்கற்றது. குருதிப்போக்கோ குறைமாதப் பேற்றுக்கான அறிகுறியோ இருப்பின் மருத்துவரின் அறிவுரை தேவை. இரு குழந்தைகளுக்கும் பாலூட்டும் தாய், பிறந்த குழந்தைக்கே முதலில் ஊட்ட வேண்டும். சீம்பால் அதற்கு இன்றியமையாதது.

பால் மறக்கச் செய்வதாயின், குழந்தை பிறப்பதற்குப் பல வாரங்கள் முன்பே சிறிது சிறிதாகக் குறைப்பது நல்லது. மார்பில் வேப்பிலை போன்ற கசப்பைத் தடவித் திடீரென நிறுத்தும் முறை சில இடங்களில் உள்ளது. இது குழந்தைக்கு அதிர்ச்சியையும் தாய்க்குப் பால்கட்டையும் உண்டாக்கக் கூடும்.

பால் நின்ற குழந்தைக்கு ஈடான உணவு கிடைக்காவிட்டால் விளைவு கடுமையாகும். ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்சு, அன்றைய கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) பணியாற்றியபோது, கால்களில் வீக்கம், தோல் உரிதல், முடி நிறம் மாறுதல் ஆகிய அறிகுறிகளுடன் வந்த சிறு குழந்தைகளைப் பற்றி 1933இல் எழுதினார். 1935இல் அந்நோய்க்கு உள்ளூர்க் கா மொழியில் வழங்கிய குவாசியோர்க்கர் என்ற பெயரையே பயன்படுத்தினார். அடுத்த குழந்தை பிறக்கும்போது, இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் பொருள் என அவர் விளக்கினார். பால் நிறுத்தப்பட்டு மக்காச்சோளக் கஞ்சியை மட்டுமே உண்ட குழந்தைகளிடம் இந்நோய் காணப்பட்டது. புரதக் குறைவே இதன் ஒரே காரணம் என்ற பழைய கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. தொற்றுநோய்கள் உட்படப் பல காரணிகள் இதில் பங்கு கொள்கின்றன.

தமிழில் உள்ள சவலை என்ற சொல்லும் கா மொழிச் சொல்லும் ஒரே பட்டறிவிலிருந்து பிறந்தவை எனலாம். பருப்பு, முட்டை, பால், மீன், கீரை, எண்ணெய் சேர்ந்த உணவை நாள்தோறும் பலமுறை கொடுப்பதும், எடையை மாதந்தோறும் அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ பார்ப்பதும் இந்நிலையைத் தடுக்க உதவும்.

ஒரு குழந்தை பிறந்த பின் குறைந்தது 24 மாதங்கள் கழித்தே மீண்டும் கருவுறுவது நல்லது என 2005இல் உலக சுகாதார அமைப்பு கூட்டிய வல்லுநர் குழு பரிந்துரைத்தது. இதன்படி இரு குழந்தைகளுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டு இடைவெளி இருக்கும்.

பேறுகாலப் பிரிவு

மூத்த குழந்தை பலமுறை தன் வாழ்வில் முதன்முதலாகத் தாயை இரவில் பிரிவது இக்காலத்திலேயே ஆகும். பிரித்தானியரான ஜேம்ஸ் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்சு ராபர்ட்சனும் 1960களின் பிற்பகுதியில் எடுத்த ஆவணப்படங்கள் இப்பிரிவின் தன்மையைக் காட்டின. அவற்றுள் 1969இல் வெளியான படம், ஜான் என்ற 17 மாதக் குழந்தையைப் பற்றியது. தாய் இரண்டாம் பேற்றுக்காக மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாள்களும் அவன் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விடப்பட்டான். முதலில் செவிலியரை நாடிய அவன், அவர்கள் மாறிக்கொண்டே இருந்ததாலும் பிற குழந்தைகள் முந்திக்கொண்டதாலும் கவனிப்பின்றிப் போனான். பின்னர் அழுது, உணவை மறுத்து, ஒரு பெரிய கரடிப் பொம்மையைப் பற்றிக்கொண்டு கிடந்தான். தாய் திரும்பி வந்தபோது அவளிடம் செல்ல மறுத்தான்.

இதே தம்பதியர் தம் வீட்டில் வைத்துப் பராமரித்த வேறு குழந்தைகள், ஒரே ஆளின் தொடர்ந்த கவனிப்பும் முன்னறிமுகமும் இருந்ததால் பிரிவை எளிதாகத் தாங்கின. குழந்தை யாரிடம் இருக்கப் போகிறதோ அவரோடு முன்னரே பழக வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

தமிழகத்தில் பெண்கள் பேற்றுக்காகத் தாய்வீடு செல்லும் வழக்கம் உள்ளது. மூத்த குழந்தை உடன் சென்றால் தாயைப் பிரிவதில்லை, ஆனால் தந்தையையும் பழகிய வீட்டையும் பிரிகிறது. தந்தையிடமோ தந்தைவழிப் பாட்டியிடமோ விடப்பட்டால் நிலைமை மாறாகிறது. எதைத் தேர்ந்தாலும், பழகிய தலையணை, போர்வை, உறங்கும் நேரம், உணவு ஆகியவை மாறாமல் இருப்பது உதவும். குழந்தை உறங்கும்போது சொல்லாமல் தாய் மருத்துவமனைக்குச் செல்வதை விட, விடைபெற்றுச் செல்வதே சிறந்தது. அப்போது அழுகை எழலாம். எனினும், விழித்தபின் தாயைத் தேடி அலையும் அச்சம் தவிர்க்கப்படும்.

பிறப்புக்குப் பின்

முதற் சந்திப்பில் புதிய குழந்தை தொட்டிலிலோ வேறொருவர் கையிலோ இருந்து, தாயின் கைகள் மூத்த குழந்தைக்காக வெறுமையாக இருக்க வேண்டும் எனப் பலர் அறிவுறுத்துகின்றனர். அறுவைப் பேறு கண்ட தாய் சில வாரங்களுக்கு மூத்த குழந்தையைத் தூக்க இயலாது. தூக்க மறுப்பதற்கான காரணத்தை "அம்மாவுக்கு வயிற்றில் புண்" எனக் கூறி, உட்கார்ந்த நிலையில் அணைத்துக்கொள்ளலாம். காரணம் பாப்பா எனக் குழந்தை எண்ண இடமளிக்கக் கூடாது.

பார்க்க வருவோர் நேரே தொட்டிலை நோக்கிச் செல்வதும், "இனி உனக்கு மடி கிடையாது", "உனக்குப் போட்டி வந்துவிட்டது" எனக் கேலி பேசுவதும் பொதுவாகக் காணப்படுகின்றன. இப்பருவக் குழந்தைக்குக் கேலி புரியாது. அது அச்சொற்களை உண்மை என்றே கொள்ளும். இதனை உறவினருக்கு முன்னரே தெரிவிப்பது ஆயத்தப்படுத்தலின் ஒரு பகுதியாகும்.

"நீ பெரியவன்", "நீ அக்காள் அல்லவா, விட்டுக்கொடு" என்னும் சொற்களையும் அளவோடு பயன்படுத்த வேண்டும். நேற்று வரை கடைக்குட்டியாக இருந்த இரண்டு அகவைக் குழந்தை, தம்பி பிறந்த நாளில் திடீரெனப் பெரிய குழந்தை ஆகிவிடுவதில்லை.

பின்னடைவு நடத்தைகள்

ஏற்கனவே கைவிட்ட பழக்கங்களுக்குக் குழந்தை மீளுவது பின்னடைவு எனப்படும். படுக்கையில் சிறுநீர் கழித்தல், மழலையாகப் பேசுதல், புட்டியில் பால் கேட்டல், இரவில் பலமுறை விழித்தல், தாய் பாலூட்டும் நேரத்திலேயே பசி என அழுதல் ஆகியவை பொதுவானவை. இவை பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறைகின்றன. தண்டனையோ ஏளனமோ இவற்றை நீட்டிக்கக் கூடும். நாள்தோறும் பத்து அல்லது பதினைந்து நிமிடமாவது தாய் மூத்த குழந்தையோடு தனியே இருப்பதும், பாலூட்டும் நேரத்தில் அருகே அமர்த்திக் கதை சொல்வதும் பயன் தரும். தந்தை, பாட்டி, தாத்தா ஆகியோர் மூத்த குழந்தையை மட்டுமே பார்த்துக்கொள்வது போதாது. சில நேரம் அவர்கள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, தாயை மூத்த குழந்தைக்கு விடுவிக்க வேண்டும்.

கைக்குழந்தையின் பாதுகாப்பு

தளர்நடைக் குழந்தையையும் கைக்குழந்தையையும் ஒரு நொடியும் தனியே விடக்கூடாது. இது மூத்த குழந்தையின் மீதுள்ள ஐயத்தால் அன்று, அதற்குத் தன் வலிமையின் அளவு தெரியாது என்பதாலாகும். அன்பினாலும் தீங்கு நேரலாம்.

- தான் தின்னும் பிஸ்கட்டையோ நிலக்கடலையையோ பாப்பாவின் வாயில் வைக்கலாம். இதனால் மூச்சடைப்பு நேரும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது.
- தூளியையோ தொட்டிலையோ வேகமாக ஆட்டலாம், அதில் ஏறவும் முயலலாம்.
- கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்க முயலலாம். மூத்த குழந்தையைப் பாயில் அமர்த்தி, பெரியவர் தலையைத் தாங்கிக்கொண்டு மடியில் வைப்பதே தகுந்த முறை.
- இருவரையும் அருகருகே உறங்க வைத்தால் கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஏற்படக் கூடும்.

மூத்த குழந்தை வழியாகக் கக்குவான், தட்டம்மை போன்ற தொற்றுகள் கைக்குழந்தைக்குப் பரவலாம். இந்திய அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்க ஊசியும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் மூத்த குழந்தைக்குப் போடப்பட்டுள்ளனவா எனப் பேற்றுக்கு முன் சரிபார்ப்பது நல்லது. கைகழுவிய பின்னரே பாப்பாவைத் தொடப் பழக்க வேண்டும்.

மாற்றுக் கருத்துகள்

அட்லரின் கருத்துக்கு மாறாக, பிறப்பு வரிசை ஆளுமையை வடிவமைப்பதில்லை என அண்மைய ஆய்வுகள் கூறுகின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, செருமனி ஆகிய நாடுகளின் 20,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு, ஆளுமைப் பண்புகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் கண்டது. உடன்பிறப்பின் வருகையை ஓர் அதிர்ச்சியாகவே விளக்கும் போக்கும் விமரிசனத்துக்கு உள்ளாகியுள்ளது. வாலிங் போன்றோர் இதனைப் பெரும்பாலான குழந்தைகள் தாண்டிச் செல்லும் இயல்பான மாற்றமாகவே கருதுகின்றனர்.

"பாப்பா கொண்டுவந்தது" எனக் கூறி மூத்த குழந்தைக்குப் பரிசு தரும் வழக்கத்திலும் இரு கருத்துகள் உள்ளன. அது முதல் நாளை மகிழ்ச்சியாக்கும் என்போர் உளர். உண்மையற்றதைக் கூறத் தேவையில்லை, பரிசைப் பெற்றோரே தரலாம் என்போரும் உளர்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

- மூத்த குழந்தையின் எடை குறைதல் அல்லது சில மாதங்களாகக் கூடாதிருத்தல்
- பாதங்களில் வீக்கம், முடியின் நிறமாற்றம்
- விளையாட்டிலும் பேச்சிலும் ஆர்வம் அற்றுச் சோர்ந்து கிடத்தல்
- கைக்குழந்தையைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்த முயலுதல்
- பின்னடைவு நடத்தைகள் பல மாதங்கள் கடந்தும் குறையாதிருத்தல்
- தாய்க்கு இடைவிடாத அழுகை, உறக்கமின்மை, இரு குழந்தைகளிடமும் பற்றின்மை ஆகியவை காணப்படுதல். இவை பேற்றுக்குப் பின்னான உளச்சோர்வின் அறிகுறிகளாகலாம்.

இவற்றையும் பார்க்க

- தாய்ப்பாலூட்டல்
- குழந்தை வளர்ச்சி
- குவாசியோர்க்கர்
- பற்றுக் கோட்பாடு
- பேற்றுக்குப் பின்னான உளச்சோர்வு